வெறுங்கண்ணாடி

ஐயா, அம்மையீர்,

வணக்கம். நூலகப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அப்பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒருவன் எழுதுவது. சென்ற மாதம் செங்கல்பட்டில் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில், தேநீர் வேளையின்போது, உங்களில் ஒருவரான ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டே ஒரு குறையைச் சொன்னார்.

"மேசைக்குப் பின்னால நான்தான் சார் உட்கார்ந்திருக்கேன். வர்றவங்க என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, 'லைப்ரரியன் இல்லீங்களா'ன்னு கேட்கறாங்க."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை கொளவாய் ஏரிக்கரை ஓரமாகப் பேருந்து சென்றபோது, தண்ணீரில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தபடியே அந்தச் சொற்களை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியோடு நான் பல ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன். ஆகையால் இதை எழுதத் துணிந்தேன்.

மக்கள் மனத்தில் நூலகர் என்றொருவர் இருக்கிறார். மெலிந்த மேனி, தடித்த கண்ணாடி, கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை, உதட்டின்மேல் எப்போதும் ஒரு விரல். அவர் தும்மினாலும் ஓசையின்றித் தும்முவார். பிற்பகலில் நாற்காலியிலேயே உறங்குவார். அவருக்கு மனைவி மக்கள் இருப்பதாகவோ, இட்டிலிக்குச் சட்டினி போதவில்லை என்று அவரும் கோபிப்பார் என்றோ யாரும் எண்ணுவதில்லை. என் தந்தையாரோ செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்தவர். அவருடைய தோள்களும் கழுத்தும் கனத்த குரலும் அப்படியே எனக்கு வாய்த்தன. பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் நான் கற்றவையெல்லாம் நூலக அலமாரிகள் தந்தவை. சான்றிதழ்ப் படிப்பை முடித்து, செங்கல்பட்டுக் கிளை நூலகத்தில் உதவியாளனாக அமர்ந்த நாள் முதல் என்னைக் கண்டவர்கள் கேட்டது, அந்தப் பெண்ணிடம் கேட்ட அதே கேள்விதான். சிலர் இன்னும் அன்போடு, "ஏம்பா, உள்ள சார் கீறாரா?" என்பார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக ஓர் அம்மையார் இருந்தார். அவர் சிரித்தால் தெருவில் போகும் சைக்கிள் நிற்கும். நான் ஒருநாள் முகம் வாடி நின்றபோது அவர் சொன்னார்:

"இங்க பாருங்க தம்பி. ஒவ்வொருத்தரும் ஒரு லைப்ரரியனை மனசுல கூட்டிக்கிட்டுதான் படியேறி வர்றாங்க. அவரை விரட்டாதீங்க. முதல்ல ஒரு நாற்காலி போட்டு உட்கார வைங்க. பழகினப்புறம் அவரே எழுந்து போயிடுவார்."

இந்தச் சொல்லை நான் என் அறிவுக்கு எட்டியவாறு புரிந்துகொண்டேன். மறுநாளே பஜாரில் கண்ணாடிக் கடைக்குச் சென்று, தடித்த கறுப்புச் சட்டத்தில் பவர் இல்லாத வெறுங்கண்ணாடி பொருத்தித் தரும்படி கேட்டேன். கடைக்காரர் என் கண்ணைச் சோதித்துவிட்டு, "உங்க பார்வைக்கு எதிர்ப்பக்கத்து போர்டுல இருக்கிற சின்ன எழுத்தே தெரியுதே, எதுக்குங்க இது?" என்றார். "உத்தியோகத்துக்கு" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்த நூலகத்துக்கு என்னை மாற்றினார்கள். முன்பு வலை போட்டு வைத்திருந்த நீண்ட கூடம் அது. ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு, தோப்புக்கு அப்பால் கடல். அங்கே நான் கண்ணாடியோடுதான் போய் இறங்கினேன். முதல் நாளிலிருந்தே என்னைக் 'கண்ணாடி சார்' என்றார்கள். உள்ளே சார் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை மட்டும் கேட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நூலகத்தைத் திறக்குமுன் வாசற்படியில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலை அள்ளுவது என் வழக்கம். பனியனோடு மண்வெட்டி பிடித்து நின்றேன். கண்ணாடி சட்டைப் பையில், சட்டை ஆணியில். அணுசக்தித் துறையின் அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒரு விஞ்ஞானி, கட்டுக்கட்டாக அறிவியல் இதழ்களை இறக்கினார்.

"தம்பி, இதெல்லாம் உள்ள கொண்டுபோய் வச்சிருங்க. லைப்ரரியன் எப்ப வருவாரு?"

"இப்ப வந்துருவார் சார்" என்றேன். கட்டுகளைத் தோளில் ஏற்றி உள்ளே வைத்தேன். முகம் கழுவி, சட்டையை மாட்டி, கண்ணாடியை அணிந்து மேசைக்குப் பின்னால் அமர்ந்தேன். அவர் உள்ளே வந்து கை கூப்பினார். இதழ்களைப் பற்றிப் பேசினோம். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அந்த ஊர் நூலகத்தில் சிறுவயதில் படித்ததை நெகிழ்ந்து சொன்னார். விடைபெறும்போது, "வாசல்ல ஒரு ஆளு நின்னாரு சார், நல்ல உழைப்பாளி. அவருக்கு டீக்குக் குடுக்கணும்னு நெனச்சேன், காணோம்" என்றார்.

அவர் போனபின் வாசலுக்குச் சென்று பார்த்தேன்; மண்வெட்டி மட்டும் சாய்ந்திருந்தது. வாசலில் நின்ற அந்த ஆள் எங்கே போனான் என்று எனக்கும் தெரியவில்லை.

கடற்கரையில் கண்ணாடி அணிபவர்களுக்கு ஒன்று தெரியும். உப்புக் காற்று கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். துடைத்த சிறிது நேரத்தில் மீண்டும் படியும். நல்ல கண்களை வைத்துக்கொண்டு, நான் அந்தக் குப்பத்தை ஒரு வெண்மூட்டத்தின் வழியாகவே பார்த்து வந்தேன். மனிதர்கள் ஓரங்கள் கரைந்தவர்களாக வந்தார்கள், போனார்கள். சவுக்குத் தோப்பு ஒரு பச்சைப் புகை. கட்டுமரங்கள் கடலில் போகின்றனவா, வானத்தில் போகின்றனவா என்று சொல்ல முடியாது. பிற்பகலில் விசிறியின் காற்றில் நாளிதழ்கள் தாமாகவே பக்கம் புரட்டிக்கொள்ளும். அப்போது கூடம் முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றும். படிக்க வேண்டியபோது நான் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, விளிம்புக்கு மேலாகப் பார்த்துப் படித்தேன். அது எனக்கு இன்னும் முதிர்ந்த தோற்றத்தைத் தந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்படியொரு பிற்பகலில் அஞ்சலை உள்ளே வந்தாள். மீன் விற்பவள். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். கணவன் தேசிங்கு கட்டுமரத்தில் போகிறவன். வாய் நிறையச் சிரிப்பவன். எவரைக் கண்டாலும் ஒரு கேலி வைத்திருப்பவன். அஞ்சலை கூடையை வாசலில் இறக்கிவிட்டு விசிறியின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே ஓய்வுபெற்ற தபால்காரப் பெரியவர் ஒருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். தினமும் வருகிறவர். மூக்கைச் சுளித்தார்.

"சார், மீன் நாத்தம் தாங்கலை. இது படிக்கிற எடம். லைப்ரரியன்னா கண்டிப்பா இருக்கணும்."

அஞ்சலை எழுந்துவிட்டாள். "நான் போய்க்கிறேன் சார். வெயிலு மண்டைய பொளக்குது, அதான் ஒரு நிமிசம் குந்தினேன்."

பெரியவர் நெடுநாள் வாசகர். அவரைப் பகைத்தால் ஊரில் நாலு பேர் பேசுவார்கள். அவளை அனுப்பினால் அவளும், அவளைப் போன்றவர்களும் மறுபடி அந்தப் படியை மிதிக்கமாட்டார்கள். என் கனத்த குரலில் எதைச் சொன்னாலும் சண்டையாகவே கேட்கும். ஆகவே கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, விரலை உதட்டின்மேல் வைத்து, பெரியவரைப் பார்த்து, "உஷ்" என்றேன்.

என் பணிக்காலத்தில் அந்தச் சைகையை நான் செய்தது அதுவே முதன்முறை. பெரியவர் உடனே நாளிதழுக்குள் தலையைக் கவிழ்த்தார். அஞ்சலை மெல்ல மீண்டும் உட்கார்ந்தாள். நான் வெளியே சென்று அவளுடைய கூடையைப் புங்கமரத்தடிக்கு நகர்த்தி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். நண்பர்களே, நூலகரின் பொம்மை உருவத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். சில வேளைகளில் அதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். யாருக்காக எடுக்கிறோம் என்பதில் மட்டும் தவறக்கூடாது.

அதன்பின் அவள் பெரும்பாலான பிற்பகல்களில் வந்தாள். வெயிலுக்கு ஒதுங்குகிறாள் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படியே நினைத்தேன். ஒருநாள் சேலை முந்தானைக்குள்ளிருந்து பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, கையை முழுதும் நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்களைச் சுருக்கினாள். திருமணத்துக்கு முன் எட்டு வரை படித்தவள் என்றும், தனித்தேர்வராகப் பத்து எழுதப் பணம் கட்டியிருக்கிறாள் என்றும் அன்றுதான் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாவப் போவுதாம். பத்து பாஸாயிருக்கணுமாம். வூட்டுல யாருக்கும் தெரியாது சார். தெரிஞ்சா எங்க மாமியா ஊரு பூரா சிரிக்க வச்சிடும். அந்த மனுசன் வேற, சும்மாவே பாட்டு கட்டிப் பாடுவான்."

பிறகு கையை நீட்டினாள்.

"எழுத்து எறும்பு மாரி ஓடுது சார். உன் கண்ணாடிய ஒரு நிமிசம் குடேன்."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. தரமாட்டேன் என்று சொல்லக் காரணம் இல்லை. கூடத்தில் வேறு எவரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, கழற்றிக் கொடுத்தேன். அவள் அதை அணிந்து புத்தகத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? ஜன்னலு மாரி கீது!"

நான் தலைகுனிந்தேன். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நூலகமாயிற்றே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள்கள் குலுங்க, ஓசையில்லாமல் சிரித்தாள்.

"அதான பாத்தேன். கிளாஸ்ல இம்மாம் உப்பு அப்பிக்கினு கீது, தொடைக்கவே மாட்டேங்குற. படிக்கிறப்போ மேலால பாத்துகினு படிக்கிற. நான் வேற, பாவம், சாருக்கு கண்ணு ரொம்ப பேஜாருன்னு நெனச்சுகினு கீறேன்!"

"வெளியே சொல்லாதேம்மா" என்றேன்.

"நான் ஏன் சொல்றேன்? நீ என்னுத சொல்லாத, நான் உன்னுத சொல்லல." கண்ணாடியைத் தன் முந்தானையால் நன்றாகத் துடைத்துத் திருப்பித் தந்தாள். "ஆனா ஒண்ணு சார். நான் பாஸாவுற அன்னிக்கு நீ இத்த கழட்டிப்புடணும். சரியா?"

சரி என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். மேசை இழுப்பறையில் வரைபடம் பார்ப்பதற்கென்று ஒரு பூதக்கண்ணாடி கிடந்தது. அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்ளலாமே?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன விடையை நான் மறக்கவில்லை.

"மீனுக்காரி கண்ணாடி போட்டா, எதுக்குன்னு கேப்பாங்களே சார்."

அந்த ஓராண்டும் அவள் ஜன்னலோரத்தில் அந்தப் பூதக்கண்ணாடியைப் பக்கத்தின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே படித்தாள். உப்பு மூட்டத்தின் வழியே பார்க்கும்போது, யாரோ ஒருத்தி தண்ணீரின் அடியில் எதையோ தேடுவதுபோல் இருக்கும். சில வேளை உதடு அசையும். சில வேளை உறங்கிவிடுவாள். பூதக்கண்ணாடி விரல்களுக்கிடையே நின்றபடி, ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

தேர்வு மையம் செங்கல்பட்டில். கருவாடு விற்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மெய்யாகவே கருவாட்டுக் கூடையோடு பேருந்து ஏறினாள். கூடையைத் தேர்வுக்கூடத்து வாயிலில் வைத்துவிட்டு எழுதினாளாம். காவலாளி கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு காவல் காத்தாராம். தேர்வு முடிந்ததும் அங்கேயே அவருக்குக் கொஞ்சம் விற்றுவிட்டும் வந்தாள்.

முடிவு வருவதற்கு முன்பே நிலைமை மாறியது. அந்தப் பருவத்தில் கடலில் பாடு இல்லை, வலைகள் வெறுமையாகத் திரும்பின. பழவேற்காட்டிலிருந்த தேசிங்குவின் அண்ணன், அங்கே ஐஸ் பாக்டரியில் வேலை இருப்பதாகவும், குடும்பத்தோடு வந்துவிடும்படியும் சொல்லி அனுப்பினார். தேசிங்கு ஒப்புக்கொண்டு வேன் பேசிவிட்டான். அஞ்சலை என்னிடம் வந்து சொன்னாள்:

"பாஸாயிட்டேன்னா நான் இங்கியே நின்னுடுவேன் சார். அந்த வேலைக்கு எழுதிப் போட்டுடுவேன். அத்த நானே என் வாயால அவரண்ட சொல்லணும். ஃபெயிலுன்னா வாய மூடிகினு வேன்ல ஏறிடுவேன். அங்க போயிட்டா இதெல்லாம் அவ்ளோதான். ஆனா ஒண்ணு, நீ வாயத் தொறக்கக் கூடாது. பாஸோ ஃபெயிலோ, ஊரு முன்னாடி என் பேர எடுக்காத."

வேன் வந்த நாளிலேயே தேர்வு முடிவும் வந்தது.

அக்காலத்தில் முடிவுகளைத் தெரிந்துகொள்ள இன்றுபோல் கைப்பேசி இல்லை. தேர்ச்சி பெற்றவர்களின் எண்களை மாலைப் பத்திரிகைகள் சிறப்புப் பதிப்பாக நண்பகலிலேயே வெளியிடும். நூலகத்துக்கு வரும் ஒரு பிரதிதான் குப்பத்துக்கே. சென்னைப் பேருந்தின் நடத்துனர் அந்தப் பிரதியை வீசியதுதான் தாமதம், கூடம் நிரம்பிவிட்டது. பையன்கள், பெண்பிள்ளைகள், தாய்மார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எண்களைக் கத்தினார்கள். எண்களை உரக்கப் படிக்கும்படி கேட்டார்கள். தேறாதவர்கள் அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்க வேண்டிவருமே என்று எண்ணி, ஒவ்வொருவராக மேசையருகே வரச் சொல்லி, எண்ணைப் பார்த்து, விடையைக் காதோடு சொன்னேன். என் விரல் எத்தனை முறை உதட்டுக்குச் சென்றதோ, ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இரைச்சலுக்கிடையே நான் தனித்தேர்வர் பக்கத்தையும் பார்த்துவிட்டேன். அவளுடைய எண் எனக்கு மனப்பாடம். இருந்தது. கண்ணாடியின் மேலாக இன்னொரு முறை பார்த்தேன். அதே எண்தான்.

தலை நிமிர்ந்தேன். வாசலில் ஒரு வெண்மூட்டமாக அஞ்சலை நின்றிருந்தாள். இடுப்பில் கூடை, இன்று அதில் மீன் இல்லை, அடுப்படிச் சாமான்கள். சாலையில் வேன் ஒலிப்பானை அடித்துக்கொண்டே இருந்தது. மேசைக்கு நேர் எதிரே, அக்கா மகனின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு தேசிங்கு நின்றிருந்தான். வியர்வையில் எண் பாதி அழிந்திருந்தது.

"சார், இது மூணா எட்டா, நீயே பாத்துச் சொல்லு. எதுல பாஸாயிருக்கானோ அதான் அவன் நம்பரு!"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அந்த அக்கா மகனிடமே கேட்டு, எண்ணைச் சரிபார்த்து, தேர்ச்சி என்று காதோடு சொன்னேன். தேசிங்கு ஒரு குதி குதித்துவிட்டு வாசலைப் பார்த்தான்.

"நம்ம பையன் பாஸு மே! நீ இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? வண்டிக்காரன் கத்திகினு கீறான், போய் ஏறு!"

அவள் என்னைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை, பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு இடுப்புக் கூடையைச் சரிசெய்துகொண்டு திரும்பத் தொடங்கினாள்.

பணியில் இருப்பவர்களுக்கு நெருக்கடி என்பது பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும்: ஒருத்தி திரும்பி ஓர் அடி வைப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். எழுந்து நின்று கூவியிருக்கலாம். அவளே சொல்ல வேண்டியதை நான் பறித்துக்கொண்டதாக ஆகியிருக்கும். தலையசைத்திருக்கலாம்; அதை விடைகொடுப்பதாக அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். வேன் போனபின் பழவேற்காட்டுக்குத் தகவல் அனுப்பியிருக்கலாம். போய்ச் சேர்ந்தபின் ஒரு வீட்டைத் திரும்பக் கிளப்புவது யாரால் முடியும்? வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் அவள் அறிய வேண்டும்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். எல்லோருக்கும் தெரியும்படி, அவசரமில்லாமல் மடித்தேன். சட்டைப் பையில் போட்டேன்.

வாசலில் மூட்டம் விலகியது. அஞ்சலை நின்றிருந்தாள். நெற்றியில் வியர்வை, மூக்குத்தியில் வெயில், இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. அவளுக்குப் பின்னால் சவுக்கின் ஒவ்வோர் ஊசியும், அதற்குப் பின்னால் கடலின் கோடும் தெளிவாக இருந்தன. கண்ணாடியை அவளிடம் கழற்றிக் கொடுத்த அன்றும் வெட்கத்தில் தலைகுனிந்திருந்தேன்; இத்தனை நாள் அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

"அடுத்த நம்பர் யாருது?" என்றேன். ஒரு பெண்பிள்ளை சொன்னாள். பார்த்துச் சொன்னேன். அதற்கடுத்தவனுக்கும் பார்த்துச் சொன்னேன்.

தபால்காரப் பெரியவர்தான் முதலில் கவனித்தார்.

"சார், கண்ணாடி?"

"பையில இருக்குங்க."

"அது இல்லாம இம்மாம் பொடி எழுத்து தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுதுங்க."

"எப்பத்திலேர்ந்து?"

"எப்பவுமே தெரியுமுங்க."

கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. நான் அங்கே பணியாற்றிய ஆண்டுகளில், சொல்லாமலே வந்த அமைதி அது ஒன்றுதான். என் மேலதிகாரி அம்மையார் சொன்ன அந்த மனத்து நூலகர் அந்தக் கணத்தில்தான் நாற்காலியை விட்டு எழுந்து போனார் என்று நினைக்கிறேன். பிறகு தேசிங்குவின் சிரிப்பு வெடித்தது.

"அடப்பாவி சாரே! அப்போ இத்தினி வருசமா டூப்பா? பவரே இல்லாத கண்ணாடியா? நைனா, இந்த ஆளு நம்ம எல்லாரையும் விட பெரிய வலைக்காரன்டா!"

குப்பமே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவே, வாசலில் கூடை தரையில் இறங்கும் ஓசை கேட்டது.

"யோவ். வண்டிய அனுப்பிடு. நான் வர்ல."

தேசிங்கு சிரிப்பின் மிச்சத்தோடு திரும்பினான். "இன்னா மே உளர்ற?"

"உளர்ல. அந்தப் பேப்பர்ல என் நம்பரும் கீது."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேசையின் இழுப்பறையைத் தானே திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். பத்திரிகையில் விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, அதன்மேல் கண்ணாடியைப் பிடித்தாள். தேசிங்கு குனிந்து பார்த்தான்.

"அஞ்சல," என்றான், குரல் தாழ்ந்து. "இம்மாம் பெருசா கீது உன் நம்பரு!"

வேன் போயிற்று. அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காக அதில் தேசிங்கு மட்டும் போனான். ஐஸ் பாக்டரிக் குளிர் எலும்புக்குச் சேரவில்லை என்று சில வாரங்களில் அவனும் திரும்பிவிட்டான். மனைவி இல்லாத ஊரில் கேலி செய்ய ஆளில்லை என்பதே உண்மைக் காரணம் என்று ஊர் சொன்னது. அஞ்சலைக்கு அந்த வேலை உடனே கிடைத்துவிடவில்லை. அலைந்தாள். மறுபடி விண்ணப்பித்தாள். பிறகு கிடைத்தது.

நான் அதற்குப்பின் கண்ணாடி அணியவில்லை. ஆனாலும் அங்கிருந்து மாற்றலாகும்வரை என்னைக் கண்ணாடி சார் என்றே அழைத்தார்கள். கண்ணாடி இல்லாத முகத்தைப் பார்த்துக் குழந்தைகள்கூட அப்பெயரைத் தயக்கமின்றிச் சொன்னார்கள். உள்ளே சார் இருக்கிறாரா என்று புதியவர்கள் கேட்டால், "நான்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சொல்வதற்கு அது அவ்வளவு கடினமான சொல் அன்று.

அந்தக் கறுப்புச் சட்டத்தை அஞ்சலை வேலையில் சேர்ந்தபோது அவளிடம் கொடுத்தேன். அவள் செங்கல்பட்டுக்குப் போய், தன் கண்ணுக்கு ஏற்ற பவர் கண்ணாடியை அதில் பொருத்திக்கொண்டாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டொன்றில், அந்தப் பக்கம் போனபோது பள்ளிக்குச் சென்று பார்த்தேன். சமையற்கூடத்து வாசலில் முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தடித்த கறுப்புச் சட்டம், மூக்கின் நுனியில். என்னைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சார், ஒரு கூத்து கேளு. போன வாரம் பள்ளிக்கூடத்த பாக்க ஒரு ஆபீசர் வந்தாரு. நேரா என்னாண்ட வந்து கையெடுத்துக் கும்புட்டு, 'நீங்கதானே லைப்ரரியன்?'னு கேட்டுட்டாரு!"

"நீ என்ன சொன்னாய்?"

"இன்னா சொல்றது? 'உஷ்'னேன்."

ஐயா, அம்மையீர், இவ்வளவுதான். இந்தக் காகிதங்களை உங்கள் நூலகத்தில் எங்கேனும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலமாரியில் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தூக்கி எறிந்துவிடாமல் இருந்தால் போதும்.